வாடகை வீடும் தேசத்தின் சொத்தே

தியாகராய நகரில் துணிக்கும் நகைக்கும் திரளும் ஜனக்கூட்டத்தை விட்டுச் சற்று விலகித் திருமலைப் பிள்ளை சாலைக்குச் சென்றால், காமராஜர் வாழ்ந்த இல்லத்தைக் காணலாம். 1954 முதல் 1963 வரை இந்த ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்தவர், பின்னர் 1964-லும் 1966-லும் பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றவர், குடியிருந்தது வாடகை வீட்டில்தான். 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, அவர் உயிர் நீத்ததும் அவ்வீட்டிலேயே. பிறகு சர்க்கார் அதனை நினைவில்லமாக்கிற்று.

சிற்பமோ சித்திரமோ இல்லாத ஒரு வீட்டைப் பொதுப்பணத்தில் காப்பானேன் என்று வினவுவோர் உண்டு. நிலத்தின் விலை விஷம்போல் ஏறியிருக்கும் இப்பேட்டையில் அக்கேள்வி எழுவது இயல்பே. அவர்களுக்கு அந்நிய நாட்டு உதாரணம் ஒன்றைக் காட்டுவோம். கனடாவின் வடகோடியில், தங்கச் சுரங்கத்தால் தோன்றிய டாஸன் என்னும் ஊரில், மரக்கட்டைகளாலான சிறு குடில் ஒன்று இருக்கிறது. ராபர்ட் சர்வீஸ் என்ற கவிஞர் 1909 முதல் 1912 வரை அதில் வாடகைக்கு இருந்தார். தங்கம் தேடி ஓடியவர்கள் கலைந்து போயினர், ஊரும் சுருங்கிற்று. ஆயினும் அந்நாட்டார் அக்குடிலைப் போற்றிக் காத்து வருகின்றனர். கட்டடத்தின் மதிப்பன்று, அங்கு வாழ்ந்த வாழ்வின் மதிப்பே அவர்கள் கருதியது.

நமது இல்லத்துக்கோ அதனினும் பெரியதொரு பொருளுண்டு. அதிகாரம் கையிலிருந்தும் தமக்கெனப் பொருள் சேர்க்காமல் ஒருவர் வாழ முடியும் என்பதற்கு அது சாக்ஷி. புத்தகத்தில் படித்தால் கதையென்று தள்ளிவிடக்கூடிய விஷயத்தை, அவ்வறைகளில் நின்றால் மறுக்க இயலாது. ஆதலின் அவ்வீட்டின் எளிமையே அதன் சிறப்பு. பக்தி மிகுதியால் பளிங்கு பதித்து அலங்கரிப்போமாகில், சாக்ஷியை நாமே கலைத்தவர்களாவோம். பழுது பார்ப்பது வேறு, புதுக்கோலம் புனைவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பராமரிப்போரின் முதற் கடமை.

சர்க்காரின் கடமை அத்துடன் முடியலாம். நமது கடமை முடியாது. பிறந்த நாளிலும் மறைந்த நாளிலும் மாலையிட்டுத் திரும்புவது போதாது. பள்ளிச் சிறுவர்களை மற்ற நாட்களில் அங்கு அழைத்துச் செல்ல வேண்டும். வோட்டுக் கேட்டு வருவோரை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை அச்சிறுவர்கள் அங்கே கற்பார்கள். அந்த அளவுகோல் நம்மிடம் இருக்கும்வரை அவ்வீடு நினைவுச் சின்னம். அதை நாம் கைவிட்டால் எஞ்சுவது செங்கல்லும் சுண்ணாம்புமே.