மோட்டார் காயில் எரிவது ஏன்?

மாசி, பங்குனி மாதங்களில் ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஆத்தூர் போன்ற ஊர்களில் காயில் கட்டும் கடைப்பக்கம் சென்றால், வாசலில் மோட்டார்கள் வரிசையாகக் கிடப்பதைக் காணலாம். கரும்பும் வாழையும் மரவள்ளியும் தண்ணீருக்கு ஏங்கி நிற்கும் நேரத்தில்தான் மோட்டார் புகைகிறது. கடையில் வேலை குவிந்திருப்பதால் உடனே கிடைப்பதுமில்லை. தமிழ்நாட்டில் வேளாண் மின் இணைப்புகளுக்கு 1990 முதல் கட்டணம் கிடையாது. ஆகவே இன்று உழவர்க்குத் தண்ணீர் இறைப்பதில் ஏற்படும் பெருஞ்செலவு மின்சாரம் அன்று. காயில் கட்டும் கூலியும், நீர்மூழ்கி மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலியும், இடையில் வாடும் பயிரும்தான்.

"காயில் எரிந்து விட்டது" என்கிறோம். உண்மையில் முதலில் கெடுவது செம்பு அன்று. செம்புக் கம்பியின் மேல் தலைமுடிப் பருமன்கூட இல்லாத ஓர் உறை இருக்கிறது. அது ஒருவகைப் பிசினால் ஆனது. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கும், சுற்றிலிருந்து இரும்பு உடலுக்கும் மின்சாரம் தாவாமல் தடுப்பது அதுவே. இவ்வுறை கருகி உதிர்ந்த பின்னரே செம்பு ஒன்றோடொன்று தொட்டு உருகுகிறது. எனவே மோட்டாரின் ஆயுள் என்பது பெரும்பாலும் இந்தப் பிசின் உறையின் ஆயுளே ஆகும்.

அரக்கிலிருந்து பி.வி.சி. வரை

மின்சாரம் புழக்கத்துக்கு வந்த காலத்தில் கம்பிக்கு உறையாகப் பருத்தி நூலைச் சுற்றினார்கள், ரப்பரைப் பூசினார்கள். பூச்சி தரும் பிசினாகிய நம் நாட்டு அரக்கும் மின்காப்புக்காகக் கப்பலேறியது. அந்த அரக்குக்கு மாற்றுத் தேடிய பேக்லண்டு என்பவர் 1907இல் செய்ததே பேக்லைட். பழைய ஸ்டார்ட்டர் பெட்டியிலும் சுவிட்சிலும் உள்ள கறுப்புக் கட்டி அதுதான். அதன்பின் வந்தவை பி.வி.சி., பாலியெஸ்டர், எபாக்ஸி முதலியன.

பி.வி.சி. நமக்கு அயலானதன்று. மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை 1967இல் இதன் உற்பத்தியைத் தொடங்கியது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது சாதாரண உப்பிலிருந்து கிடைப்பது. மறுபாதிக்கு அந்நாளில் மேட்டூரில் பயன்படுத்திய மூலப்பொருள், கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த எரிசாராயம். கரும்பு பயிரிடுவோர் இதை நினைவிற் கொள்ளலாம். இன்று அங்கே தயாராவது பெரிதும் ரெக்ஸின் போன்ற பொருள்களுக்கான பசைவகை. கம்பி உறைக்கான வகை வேறு ஆலைகளிலிருந்து வருகிறது.

மெழுகும் முட்டையும்

இப்பிசின்களில் இரண்டு சாதி உண்டு. இதை மட்டும் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதி விளங்கிவிடும்.

ஒரு சாதி மெழுகைப் போன்றது. சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடேற்றினால் மறுபடி இளகும். பி.வி.சி., பாலிதீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவை இவ்வகை. சாதாரண பி.வி.சி. கேபிளுக்கு உள்ளிருக்கும் கம்பி 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகக் கூடாது என்பது விதி. அதற்கு மேல் உறை இளகி, கம்பி ஒரு பக்கமாக அழுந்தி இறங்கும். பி.வி.சி.யை வளையும்படி செய்வதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருளும் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பல ஆண்டு வெயிலில் கிடந்த கேபிள் ஒடிவதற்குக் காரணம் இதுவே.

மற்றச் சாதி முட்டையைப் போன்றது. ஒரு முறை வெந்து இறுகிவிட்டால் மீண்டும் இளகாது. நாமக்கல்லில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை! பேக்லைட், எபாக்ஸி, காயிலில் ஊற்றும் வார்னிஷ் ஆகியவை இவ்வகை. வார்னிஷ் நன்கு "வெந்தால்"தான் காயில் முழுவதும் ஒரே கட்டியாகிக் கம்பிகள் அதிராமல் நிற்கும், ஈரமும் உட்புகாது. அதற்கு வார்னிஷின் வகைக்கேற்ப ஏறத்தாழ 120 முதல் 140 டிகிரிச் சூட்டில் அடுப்புப் பெட்டியில் சில மணி நேரம் வைத்தல் வேண்டும். தூரிகையால் மேலே தடவி, வெயிலில் அரைநாள் காயவைத்துக் கொடுத்தால், அது வேகாத முட்டைதான். மேலே பளபளக்கும், உள்ளே ஈரமாகவே இருக்கும். அவசரப்படுத்துகிற நம்மிடமும் இதில் பாதித் தவறு உள்ளது. "இன்று மாலையே வேண்டும்" என்று நின்றால் கடைக்காரர் எப்படி அடுப்பில் வைப்பார்?

எந்த மோட்டாருக்கு எந்தக் கம்பி?

கிணற்று மேட்டில் அல்லது கிணற்றுள் மேடையில் இருக்கும் மோனோபிளாக் மோட்டாருக்கு எனாமல் கம்பியும், வார்னிஷும், இரும்புக் காடியில் வைக்கும் காப்புத்தாளும் சேர்ந்தே மின்காப்பு. மோட்டாரின் பெயர்த்தகட்டில் காப்பு வகுப்பு குறித்திருக்கும். 'பி' வகுப்பு 130 டிகிரி வரையிலும், 'எப்' வகுப்பு 155 டிகிரி வரையிலும் தாங்கும். கம்பி, தாள், வார்னிஷ் மூன்றும் அந்த வகுப்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் மொத்தமும் தாழ்ந்ததே.

நீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரில் கதை வேறு. இங்கே காயில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. வெறும் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். அதன் வழியே நீர் புகுந்துவிடும். ஆகவே செம்பின் மேல் பாலியெஸ்டர் படலத்தையும் அதற்கு மேல் பாலிபுரொப்பிலீன் படலத்தையும் சுற்றிய கம்பி, அல்லது தடித்த பி.வி.சி. உறையிட்ட கம்பி பயன்படுகிறது. இவற்றுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 8783. இந்த மோட்டாரை இறக்குமுன் உள்ளே சுத்தமான நீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புதல் வேண்டும். உள்நீரும் வெளிநீரும்தான் இதற்கு விசிறி. போரில் நீர்மட்டம் இறங்கி, வெறும் மோட்டார் ஓடினால் உறை சில நிமிடங்களில் இளகத் தொடங்கும். எண்ணெய் நிரப்பிய மோட்டாருக்கு எனாமல் கம்பியும் வார்னிஷும் பொருந்தும். இரண்டையும் மாற்றிக் கட்டிவிடக் கூடாது.

காயில் கட்டக் கொடுக்கும்போது பழைய கம்பியின் ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. புதுக்கம்பியின் பருமனை அதனோடு ஒப்பிடலாம். பழைய செம்பின் எடையையும் புதுச்செம்பின் எடையையும் கேளுங்கள். புதுக்கம்பியின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். மற்றொன்று: பழைய காயிலை உரிக்கச் சில இடங்களில் மோட்டார்க் கூட்டைத் தீயிலிட்டு எரிக்கிறார்கள். கூட்டிலுள்ள இரும்புத் தகடுகளுக்கும் ஒன்றுக்கொன்று இடையே மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. தீயில் அது போய்விட்டால், புதுக்காயில் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இரும்பே சூடாகும். அடிக்கடி எரியும் மோட்டார்கள் பலவற்றின் இரகசியம் இதுவாக இருக்கக் கூடும்.

பத்து டிகிரிக் கணக்கு

மின்காப்புக்கு முதல் எதிரி சூடு. தன் வரம்புக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு. இருபது டிகிரி கூடினால் எட்டு ஆண்டு உழைக்க வேண்டிய காயில் இரண்டே ஆண்டில் முடியும்.

சூடு, மின்னோட்டத்தின் இருமடிக் கணக்கில் ஏறுகிறது. மின்னழுத்தம் குறைந்து மோட்டார் 20 சதம் கூடுதல் ஆம்பியர் இழுத்தால் காயிலின் சூடு 44 சதம் கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போய்விட்டால், அதே பாரத்தை இழுக்க மீதியுள்ள கம்பிகளில் சுமார் 1.73 மடங்கு மின்னோட்டம் பாயும். அக்காயில்களில் உண்டாகும் சூடு மூன்று மடங்கு! எரிந்த காயிலைப் பிரிக்கும்போது சில கட்டுகள் மட்டும் கருகி, மற்றவை புதிதுபோல் இருந்தால் பேஸ் போனதே காரணம் என அறியலாம். எல்லாமே ஒருசீராகக் கருகியிருந்தால் தாழ்மின்னழுத்தம் அல்லது மிகைப்பாரம். ஓரிடத்தில் மட்டும் வெடித்துத் துளையாகியிருந்தால் அங்கே கம்பி உறையில் குறை இருந்திருக்கும், அல்லது ஈரம் புகுந்திருக்கும். இந்த மூன்றையும் கடையில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த முறை எதைச் சரி செய்வது என்று தெரியும்.

மும்முனை மின்சாரம் இல்லாத வேளையில் கன்டன்சரை வைத்து இருமுனையில் மோட்டாரை ஓட்டும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தண்ணீர் வருகிறது என்பது மெய். ஆனால் கன்டன்சரின் அளவு பொருந்தாவிட்டால் மூன்று காயிலுக்கும் மின்னோட்டம் சமமாகப் பிரியாது. அதே போல், ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் திருகை மேலேற்றி வைப்பதும், பியூசில் தடித்த அலுமினியக் கம்பியைக் கட்டுவதும் காவல்காரனை உறங்க வைப்பதற்கு ஒப்பாகும். ரிலேயை மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்கு வைத்து, பேஸ் போனால் நிறுத்தும் கருவியையும் பொருத்துவதே தக்கது.

ஆழமான போருக்குக் கேபிளின் பருமனும் இக்கணக்கில் சேரும். 9 ஆம்பியர் இழுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் 800 அடியில் இருப்பதாகக் கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளானால் வழியிலேயே ஏறத்தாழ 23 வோல்ட் குறையும். 4 சதுர மில்லிமீட்டரானால் 14 வோல்ட்தான் குறையும். வரும் மின்னழுத்தமே 380 வோல்டாக இருக்கும் ஊரில் இந்த 9 வோல்ட் சிறியதன்று.

ஒட்டுப் போடும் முறை

நீர்மூழ்கி மோட்டாரில் மிகுதியாகக் கெடும் இடம் மோட்டார்க் கம்பியும் இறக்குக் கேபிளும் சேரும் ஒட்டு. மூன்று ஒட்டுகளையும் ஒரே நேரில் போடாமல் ஒன்றுக்கொன்று முன்பின்னாகப் போட வேண்டும். செம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, குழல் வைத்து அழுத்தியோ ஈயம் பற்றவைத்தோ இணைக்கவும். பின்னர் உறையையும் இரு பக்கமும் இரண்டு அங்குலம் வரை துடைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றவும். அதன் மேல் பி.வி.சி. டேப். பி.வி.சி. டேப்பை மட்டும் நம்பக் கூடாது; அதன் பசை நீரில் விட்டுவிடும். உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழலும், அச்சில் ஊற்றி இறுகவிடும் எபாக்ஸியும் இன்னும் உறுதியானவை. எபாக்ஸியின் இரு பகுதிகளையும் சொன்ன அளவில் முழுமையாகக் கலக்காவிட்டால் அது இறுகாது.

ஒட்டு முடிந்ததும் அதை ஒரு வாளி நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, 500 வோல்ட் மெக்கரால் சோதிக்க வேண்டும். நல்ல ஒட்டு பல பத்து மெகா ஓம் காட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழிருந்தால் இறக்கக் கூடாது. இறக்கும்போது கேபிளைக் குழாயோடு பத்தடிக்கு ஒரு கட்டாகக் கட்டி, கேசிங் விளிம்பில் உறை உராயாமல் பார்த்துக்கொள்க.

தரை மேல் இழுக்கும் கேபிளில் ஒட்டுப் போட்டு, பாலிதீன் பையைச் சுற்றி, வாய்க்கால் ஓரம் விட்டுவிடுவதைப் பல வயல்களில் காண்கிறோம். பயிர் நிலத்தில் ஈரமும் வெறுங்காலும் சேர்ந்திருக்கின்றன. அங்கே உறை கெட்டால் போவது காயில் மட்டும் அன்று. அவ்வொட்டைத் தரையிலிருந்து உயர்த்தி மூடிய பெட்டிக்குள் வைப்பதும், மோட்டார் உடலுக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் நல்ல எர்த் இடுவதும், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் கருவி பொருத்துவதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. கோழிப்பண்ணைகளில் எலி பி.வி.சி. உறையைக் கடித்துவிடுவதால் கம்பியைத் திறந்த நிலையில் விடாமல் குழாய்க்குள் செலுத்துக.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நிறைந்து மோனோபிளாக் மூழ்கிவிட்டால், நீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக் கூடச் சுவிட்சைப் போட வேண்டாம். மூழ்கிய காயிலைக் காப்பாற்ற முடியும். ஈரத்தோடு ஒரு நொடி ஓட்டினால் முடியாது. மோட்டாரைக் கழற்றி, நல்ல நீரால் சேற்றைக் கழுவி, மூடிகளைத் திறந்து வெயிலிலும், பின் சூடான பல்பு வெளிச்சத்திலும் இரண்டு மூன்று நாள் உலர்த்துக. மெக்கர் அளவு நாளுக்கு நாள் ஏறி, ஒரு மெகா ஓமுக்கு மேல் சென்று நிலைத்த பின்னரே இணைப்புக் கொடுக்கலாம். அந்த அளவையும் தேதியையும் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும்.