பழைய டீசல் வேன்: மஞ்சள் விளக்கு எரிந்தால்

பழைய வேன் வாங்கிப் பிழைக்கும் நம் சென்னீர்குப்பம் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறோம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் செய்த டீசல் வேன்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பக்கத்துத் தெருக்களுக்கே ஓட்டினால் சூடு போதாமல் கரி எரியாது, அடைப்பு சேரும். அப்போது மஞ்சள் விளக்கு எரியும்.

உடனே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டாலோ, இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் ஸ்கேன் செய்யுங்கள். வடிகட்டியை வெட்டி எடுப்பது சட்டவிரோதம். அந்தக் கரி நம் பிள்ளைகளின் மூச்சில்தான் போய்ச் சேரும்.

வாங்கும்முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள்: இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைத்திருக்கலாம். முன்பணம் கொடுக்காதீர்கள்.