பளபளப்பு சொல்லும் சான்று

புனே நகரின் கேம்ப் பகுதியில் ஓகெல் டேவிட் என்னும் யூதர் தொழுகைக்கூடம் நிற்கிறது. 1867 இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் சுவர்களின் செந்நிறம் கண்டு, ஊரார் அதனை ‘லால் தேவுள்’, அதாவது செங்கோயில் என்பர். நண்பகலில் எடுத்த ஒளிப்படத்தில் அச்சுவர் ஒரு சிவப்பு. அந்தி வெயிலில் வேறொரு சிவப்பு. செங்கல்லோ மாறவில்லை. அவ்வாறாயின், படத்திற் பதிந்த சிவப்பில் கல்லின் பங்கு எது, கதிரவனின் பங்கு எது?

ஒளிப்படக் கருவிக்குக் கிட்டுவது ஒளியின் நிறமும் பரப்பின் நிறமும் சேர்ந்த பெருக்கற்பலன் மட்டுமே. பன்னிரண்டு என்னும் விடையைக் காட்டி, பெருக்கிய எண்கள் மூன்றும் நான்குமா, இரண்டும் ஆறுமா எனக் கேட்பது போன்றது இது.

இம்முடிச்சை அவிழ்க்கும் வழியொன்றை 1985 இல் ஸ்டீவன் ஷேஃபர் என்னும் கணினி அறிஞர் வகுத்தளித்தார். வண்ணப்பூச்சு, நெகிழி போன்றவற்றின்மேல் விழும் ஒளி இரு வழிகளில் மீள்கிறது என்றார் அவர். ஒரு பகுதி உள்ளே புகுந்து, நிறமித் துகள்களிடையே அலைந்து, பொருளின் நிறமேறி வெளிவருகிறது. மற்றொரு பகுதி புறப்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. பொருளின் நிறம் அதில் ஒட்டுவதில்லை, ஒளிமூலத்தின் நிறத்தையே அது சுமந்து வருகிறது. அதுவே பளபளப்பு.

செங்கோயில் அருகே அந்தி வெயிலில் ஒரு பச்சைச் சிற்றுந்து நிற்பதாகக் கொள்வோம். கதவெங்கும் பச்சை; அதன் வளைவில் மட்டும் வெண்மஞ்சட் கீற்று. கதவின் படப்புள்ளிகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அச்சுகளில் குறித்தால், அவை ஒரே தளத்தில் அமையும். இரு நிறங்களே வெவ்வேறு அளவிற் கலந்து அவை அனைத்தையும் ஆக்கியுள்ளன. பக்கத்திலுள்ள சிவப்பு நெகிழி நாற்காலிக்கும் அத்தகைய தளம் ஒன்று உண்டு. இரண்டின்மேலும் விழுவது ஒரே ஒளியாதலின், இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் கோடே அவ்வொளியின் நிறத்தைக் காட்டும்.

பொன்வளையலிடம் இம்முறை செல்லாது. பொன்னுக்குள் ஒளி புகுந்து மீள்வதில்லை. புறத்தே தெறிக்கும் ஒளியே மஞ்சளேறி வருகிறது.

ஒளியின் நிறம் தெரிந்தபின் வகுத்தலே எஞ்சிய வேலை. அந்திப் படத்துச் சுவரின் நிறத்தை அதனால் வகுத்தால் செங்கல்லின் சொந்த நிறம் வெளிப்படும். காய்ந்த செங்கல்லுக்குப் பளபளப்பில்லை. தன்மேல் விழுந்த ஒளியைப் பற்றி அது வாய் திறவாது. அதற்காகச் சான்று கூறுபவை, அண்டையில் நின்ற சிற்றுந்தும் நாற்காலியுமே.