காரணமின்றிக் கன்றிய கை

பாத்திரம் துலக்குகையில்தான் பாட்டியம்மாள் கவனிக்கிறார்: புறங்கையில் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு. எங்கும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை; வலியுமில்லை. "தானே போய்விடும்" என்று மறந்துவிடுகிறார். பெரும்பாலும் அவர் எண்ணியது சரியே. ஆயினும், எப்போது அது சரியன்று என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக் குழாய் உடைந்து, இரத்தம் கசிவதால் தோன்றுவதே இத்திட்டு. அது பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறி, ஏறத்தாழ 2 வாரங்களில் மறையும். முதியோரின் தோல் மெலிந்திருப்பதால் அறியாமற்பட்ட சிறு உராய்வே இதற்குப் போதும். நடுவயதுப் பெண்கள் சிலருக்கு விரலில் திடீரெனச் சுரீரென்று வலித்து நீலம் பரவுவதுண்டு. 1958-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆக்கன்பாக் விவரித்த இந்நிலை, அச்சமூட்டினும் சில நாள்களில் தானே தணியும்.

அடுத்து, மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவை இரத்தம் உறைவதைக் குறைப்பதால் உடல் எளிதில் கன்றும். அதற்கு அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் உளர். இது பெருந்தவறு. கையின் நீலம் மறைந்துவிடும். மூளையிலோ இதயத்திலோ அடைப்பு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தலாகாது.

தாமதியாது மருத்துவரை நாட வேண்டிய வேளைகள் உண்டு. உடலில் வேறிடங்களிலும் காரணமின்றித் திட்டுகள் தோன்றினால், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், மலம் கருத்தால், குண்டூசி முனையளவு செம்புள்ளிகள் தென்பட்டால், காய்ச்சலோ மிகுந்த சோர்வோ சேர்ந்தால், குழந்தைக்கு விளையாட்டில் அடிபடாத இடங்களில் கன்றினால், நாள் கடத்தாதீர்கள். எளிய இரத்தப் பரிசோதனையே பலவற்றைத் தெளிவாக்கும். இரத்தத் தட்டணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருத்தல் இயல்பு. விரல் குளிர்ந்து வெளிறினாலோ மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இறுதியாக ஒன்று. காரணம் தெரியாத கன்றல் வேறு. காரணம் சொல்லப்படாத கன்றல் வேறு. மணிக்கட்டில் விரல் பதிந்தாற்போன்ற தடங்களைக் கண்டால், அது பெண்ணாயினும் முதியவராயினும் குழந்தையாயினும், தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். அக்கைக்குத் தேவையான முதல் மருந்து, செவிசாய்க்கும் ஒருவராக இருக்கலாம்.