பிரெஞ்சும் ஆங்கிலமும்: புதுச்சேரியில் போலி நண்பர்கள்

ஆங்கிலச் சொல் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மயக்கம் தமிழ் மாணவரிடையே பெரும்பாலும் ஒலியால் நேர்கிறது. எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரியும் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரியும் ஓர் எழுத்தால் மட்டுமே வேறுபடுவதால் இடம் மாறிவிடுகின்றன. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி இன்றும் இயங்குகிற, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கிற புதுச்சேரி நகரில், இதைவிட நுட்பமான மயக்கம் ஒன்றும் உண்டு.

இரு மொழிகளில் உருவத்தால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கும் சொற்களை மாக்சிம் கோஸ்லர், ஜூல் தெரோக்கினி என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1928-இல் வெளியிட்ட நூலில் 'போலி நண்பர்கள்' என்றழைத்தனர். அப்பெயரே மொழியியலில் நிலைத்துவிட்டது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்து, காலப்போக்கில் தத்தம் மொழியில் தனித்தனி வழியே பொருள் மாறியதே பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே இத்தகைய சொற்கள் மிகுந்ததற்குப் பெருங்காரணம். வடமொழியிலிருந்து வந்த 'அவசரம்' தமிழில் விரைவையும் இந்தியில் வாய்ப்பையும் உணர்த்துவதும் இவ்வகையினதே.

புதுச்சேரியில் 1827-இல் நிறுவப்பட்டு இன்று பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்தின் பெயர் தாங்கும் பொது நூலகம் ஆங்கிலத்தில் லைப்ரரி ஆகும். ஆனால் பிரெஞ்சில் லிப்ரேரி என்றால் புத்தகக் கடை, நூலகமோ பிப்லியோத்தேக். இத்தகைய பிழை தெருவிலேயே திருத்தம் பெற்றுவிடும். கடிதத்தில் நேரும் பிழை அவ்வாறன்று. பிரெஞ்சில் தெமாந்தே என்பது பணிவாகக் கேட்பதற்கும் உரிய வினை. அந்த நினைவில் ஆங்கில விண்ணப்பத்தில் 'டிமாண்ட்' என்று எழுதினால் விண்ணப்பம் வற்புறுத்தலாகிவிடுகிறது. பிரெஞ்சு அலுவலகக் கடிதத்தில் வரும் தெலே, ஆவணம் தருவதற்கு விதிக்கப்பட்ட கால அளவைக் குறிக்கும். அதை ஆங்கில 'டிலே' என்று படிப்பவர், காலம் தாழ்த்துவது அலுவலகமே என்று எண்ணித் தம் கெடுவைத் தவறவிடக்கூடும்.

சொற்களை இணை இணையாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றையும் அது வரும் தொடரோடு பயில்வதே சிறந்தது. ஏனெனில், பொருந்தாப் பொருளைத் தொடரே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இரு பொருளும் பொருந்தும் இடங்களில்தான் இடர் மிகுதி: பிரெஞ்சின் எவாந்துயெல்மான் 'நேரக்கூடும்' என்ற ஐயத்தையும், ஆங்கிலத்தின் 'இவெஞ்சுவலி' முடிவில் நேர்ந்தே தீரும் என்ற உறுதியையும் தருவதால், உதவித்தொகை பற்றிய பிரெஞ்சுக் கடிதத்தில் முன்னதை ஆங்கிலப் பொருளில் படிக்கும் குடும்பம், வராமலும் போகக்கூடிய பணத்துக்காகக் காத்திருக்க நேரிடும்.