பின் சீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி

டெல்லியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சாமான் ஏற்ற வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று பொருட்களை எடுத்துப்போக முடியாது என்று ஒதுக்கினார்கள். சமையல் கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, பால்கனியில் இருந்த கறிவேப்பிலைச் செடி. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, புது ஊரில் இணைப்பு எடுப்பதற்கான வவுச்சரை வாங்கிக்கொண்டோம். பேட்டரியைப் பழைய விலைக்குக் கொடுத்தோம். செடிக்குத்தான் வழி தெரியவில்லை.

“திண்டுக்கல்லில் இல்லாத கறிவேப்பிலையா?” என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பிறந்த வீட்டுக் கொல்லையிலேயே மரமாக நிற்கிறது. கொல்லன் தெருவுக்கு ஊசி கொண்டு போவது மாதிரிதான். ஆனால் இது என் மாமியார் 2001-ல் சிமென்ட் தொட்டியில் வைத்த செடி. டெல்லிக் குளிருக்குக் கறிவேப்பிலை தாங்காது. டிசம்பரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். மாமியார் இருந்தவரை அவரும், 2014-ல் அவர் போன பிறகு என் கணவரும், மார்கழி முழுக்க ராத்திரியானால் அதற்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டுத்தான் படுப்பார்கள். பிப்ரவரி கடைசியில் குச்சியில் பச்சை தெரிந்தால் அன்றைக்கு வீட்டில் ரசம் மணக்கும்.

“கார்லயே போயிடலாம்” என்றார் என் கணவர். வேறு எதுவும் சொல்லவில்லை. 2,500 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்டப் பயணம். ரயிலில் இரண்டு இரவு, விமானத்தில் மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாங்கள், ஆறு நாள் சாலையில் போவதென்று முடிவுசெய்தது இப்படித்தான்.

நான் 1993-ல் கல்யாணமாகி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்குப் போனவள். அவர் அங்கேயே பிறந்தவர். மாமனார் நார்த் பிளாக்கில் வேலை பார்த்தவர். ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பு, தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, மாலையானால் மலை மந்திர் முருகன் கோயில் என்று வளர்ந்தவர் இவர். தமிழ் எழுதுவார், படிப்பார். கோபம் வந்தால் மட்டும் இந்தி. 2023-ல் அவர் ஓய்வு பெற்றார். திண்டுக்கல்லில் 82 வயதான என் அம்மா தனியாக இருந்தார். போகலாம் என்று முதலில் சொன்னதே என் கணவர்தான். அதனால் அவருக்கும் எனக்கும் இது ஒரே பயணம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு தவறு என்று நர்மதைக் கரையில்தான் எனக்குப் புரிந்தது.

காருக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்களுடையது எட்டு வருட டீசல் வண்டி. டெல்லியில் அப்போது டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான். தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றினால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். டெல்லி ஆர்.டி.ஓ-விடம் தடையில்லாச் சான்று, எல்லோரும் சொல்வதுபோல் என்.ஓ.சி., வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருக்கப்போகிறது என்றால் அங்கே மறுபதிவு செய்து, அங்கத்து வரியையும் கட்ட வேண்டும். இடம் மாறும் குடும்பங்கள் இதைத்தான் கடைசி வாரம் வரை தள்ளிப் போடுகின்றன. என் ஒரே யோசனை: சாமான் கட்டுவதற்கு முன்பே இந்தக் காகிதங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய இன்ஷூரன்ஸ் நகல் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. மறுபடி பிரிண்ட் எடுக்க அரை நாள் அலைந்தோம்.

நவம்பர் கடைசி வாரம், மூடுபனி இறங்குவதற்கு முன் கிளம்பினோம். பின் சீட்டில் செடி. சிமென்ட் தொட்டியிலிருந்து வேர் மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கு சுற்றி, பிளாஸ்டிக் வாளியில் இறக்கி, சீட் பெல்ட் போட்டிருந்தார் என் கணவர்.

டெல்லியிலிருந்து திண்டுக்கல்லுக்கு நம்பர் மாறாத ஒரே சாலை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44. 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2010-ல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் கொடுத்தபோது, பழைய சாலைகள் ஏழின் துண்டுகளை ஒட்டுப்போட்டு இதை உருவாக்கினார்கள். எந்த இடத்திலும் ‘இங்கே திரும்பு’ என்று யோசிக்க வேண்டியதில்லை.

முதல் நாள் ஆக்ரா தாண்டி தோல்பூர். இங்கே வெட்டிய கல்லால்தான் ராஷ்டிரபதி பவனும் நார்த் பிளாக்கும் எழுந்தன. என் கணவர் வண்டியை ஓரம் கட்டி, கல் ஏற்றிப்போன ஒரு டிராக்டர் கண்ணைவிட்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா முப்பத்தஞ்சு வருஷம் இந்தக் கல்லுக்குள்ளதான் உக்காந்திருந்தார்” என்றார். பிறகு சம்பல் நதி. சினிமாவில் கொள்ளைக்காரர்களின் குதிரைகள் ஓடிய மண் மடிப்புகள் இரண்டு பக்கமும் வாய் பிளந்து கிடந்தன. முரைனாவில் இரண்டு கிலோ கஜக் வாங்கினார். எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்துத் தட்டிய அந்த மிட்டாய் வந்தால்தான் டெல்லியில் குளிர்காலம் வந்ததாகக் கணக்கு. ராத்திரி ஜான்சியில் தங்கினோம். செடியை லாட்ஜ் அறைக்குள் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தார்.

இரண்டாம் நாள் சாகர் தாண்டி, ஒரு தாபா வாசலில் நின்ற லாரியின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்று தமிழில் எழுதியிருந்தது. டி.என். 34. திருச்செங்கோடு. போர்வெல் ரிக்கோடு போகிற குழாய் லாரி. இந்தியாவில் எந்த மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிற்க வாய்ப்பு அதிகம். அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் வண்டியோடு போய் முகாம் போட்டுத் தொழில் செய்கிறவர்கள். டிரைவர் லாரி நிழலில் அடுப்பு மூட்டிப் பருப்புக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் டி.எல். நம்பரைப் பார்த்தவர் முதலில் இந்தியில்தான் கும்பிட்டார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மாறியது. கார் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

“அக்கா, அது கறிவேப்பிலைங்களா?”

ஆமாம் என்றேன்.

“ஒரு ரெண்டு கொத்து கிள்ளிக்கலாங்களா? மூணு மாசமாச்சுங்க, இந்த வாசம் புடிச்சு.”

நான் பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தேன். அந்தச் செடியிலிருந்து கேட்காமல் இலை பறிக்க எனக்கே அனுமதி கிடையாது. குளிருக்கு ஏற்கெனவே மஞ்சள் விழத் தொடங்கியிருந்தது. பச்சை மிச்சமிருந்த இலை கொஞ்சம்தான். அவர் கதவைத் திறந்தார். ஒவ்வொரு கொத்தாகத் தொட்டுப் பார்த்து, நல்லதாக நான்கு கொத்து ஒடித்துக் கொடுத்தார். டிரைவர் அதைக் கையில் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் தாளிப்பில் போட்டார். அந்தச் சடசடப்பும் மணமும் எழுந்தபோது தாபாவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

“சாப்புட்டுட்டுத்தான் போகோணும்ணா” என்று டிரைவர் பிடிவாதமாகத் தட்டுப் போட்டார். சூடான சோறு, குழம்பு, சுட்ட அப்பளம். என் கணவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது ஒரு பொட்டலம் கஜக்கை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அவர் விசாரித்ததும், பொங்கலுக்குத்தான் ஊருக்கு என்று டிரைவர் சொன்னதும் எனக்குக் காதில் விழுந்தன. டெல்லியை விட்டு வந்த பிறகு என் கணவர் இவ்வளவு பேசியது அங்கேதான்.

அடுத்து நர்மதை. பர்மான் அருகே பாலம். வெள்ளை வேட்டி கட்டிய சிலர், கையில் கோலும் கமண்டலமுமாகச் சாலையோரம் நடந்து போனார்கள். பரிக்கிரமா போகிறவர்கள். நதியை வலப்பக்கம் வைத்துக்கொண்டே, நடுவில் ஓரிடத்திலும் அதைக் கடக்காமல், முழு நதியையும் நடந்து சுற்றி வர வேண்டும் என்பது நியமம். நாங்கள் இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டோம். அக்கரையில் என் கணவர் வண்டியை நிறுத்தினார். வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார்.

“நீ ஊருக்குப் போற. நான் ஊரை விட்டு வர்றேன்” என்றார்.

முப்பது வருடத்தில் நான் இதை யோசித்ததே இல்லை. டெல்லியில் இருந்த காலம் முழுக்க ‘நம்ம ஊர்’ என்று நான் திண்டுக்கல்லைச் சொன்னபோதெல்லாம் அவரும் தலையாட்டியிருக்கிறார். கோடை விடுமுறைக்கு வந்துபோன மாப்பிள்ளையாக மட்டுமே அவருக்கு அந்த ஊரைத் தெரியும். அவர் சைக்கிள் கற்ற தெரு, அம்மாவைக் கொண்டுபோன மயானம், பேசாமலே டீ வைக்கிற கடைக்காரர் எல்லாமே பின்னால் போய்க்கொண்டிருந்தன. தமிழர் என்பதாலேயே தமிழ்நாட்டுக்கு வருவது அவருக்கும் ‘திரும்புதல்’ என்று நானும் உறவுக்காரர்களும் முடிவு கட்டிவிட்டோம். டெல்லியிலும் மும்பையிலும் பிறந்து வளர்ந்து, ஓய்வுக்குப் பின் தெற்கே வரும் எத்தனை பேரிடம் இதை யாராவது கேட்டிருப்பார்கள்? நான் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. லக்னாதோன் வரை நான் ஓட்டினேன். நமக்கெல்லாம் ‘என்.எச். 7’ என்று பழகிய சாலையில் இந்த 44 வந்து சேர்கிற இடம் அதுதான். அங்கிருந்து கன்னியாகுமரி வரை அதே பழைய ஏழு. அதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் விட்டேன்.

சிவனியில் தங்கி, மறுநாள் காலை பெஞ்ச் காடு. கிப்ளிங்கின் மௌக்ளி திரிந்த காடு என்று சொல்லப்படுவது இதுதான். சாலையை அகலப்படுத்தும்போது புலிகளின் வழி அறுபடும் என்று வழக்கு நடந்து, வேலை பல வருடம் நின்றது. கடைசியில் சாலையைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டு, விலங்குகள் அடியில் நடக்க வழி விட்டார்கள். மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் இப்படி ஒன்பது கட்டுமானங்கள். அடியில் வைத்த கேமராக்களில் புலி நடந்துபோவது பதிவாகியிருக்கிறது. மனிதர்கள் கட்டியவற்றில் எனக்கு இந்தப் பாலங்கள் மீது தனி மரியாதை.

நாக்பூரில் வெயில் வந்தது. பென்கங்கா தாண்டித் தெலங்கானா. அதுவரை ‘ரொட்டியா?’ என்று கேட்டுக்கொண்டிருந்த சர்வர்கள் ‘மீல்ஸா?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். நிர்மலில் ஓர் இரவு. பிறகு சோனில் கோதாவரி, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, கர்னூலில் துங்கபத்ரா என்று ஒரே பகலில் மூன்று நதிகள். அனந்தபூர் பக்கம் பாமிடியில் வடபெண்ணையாற்றில் மணல்தான் ஓடியது.

கர்னூல் தாண்டியதும் செடியை எட்டிப் பார்த்தேன். மஞ்சள் இலைகள் பாதி வாளியில் உதிர்ந்திருந்தன. “பயப்படாதே, அது வழக்கம்தான்” என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

ஐந்தாம் நாள் இரவு கிருஷ்ணகிரியில் நல்ல மழை. டீக்கடையில் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்த பையன் அவரிடம் “சாய், சாப்?” என்றான். “ரெண்டு டீ, சர்க்கரை கம்மியா” என்றார். அவருடைய தமிழில் ஏதோ வித்தியாசம் பட்டிருக்க வேண்டும். “சாருக்கு எந்த ஊருங்க?” என்றான். அவர் என்னைப் பார்க்கவில்லை. “டெல்லி” என்றார். மழைச் சத்தத்தில் அது தெளிவாகக் கேட்டது. எனக்கு வருத்தமாக இல்லை. நர்மதைக்கு முன்னால் கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

தொப்பூர் கணவாயில் மெதுவாக இறங்கி, சேலம், நாமக்கல் கடந்து, வேலூர் பாலத்தில் காவிரி. பரமத்தி வேலூர். கரூர், வேடசந்தூர், திண்டுக்கல்.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “வாங்க மாப்பிள்ளை” என்றவர், பின் கதவு திறந்ததும் செடியைப் பார்த்தார். “சம்பந்தியம்மா வச்சதா?” என்று கேட்டுவிட்டு, யாரையும் தொடவிடாமல் சொம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தானே வேரில் ஊற்றினார். சாமான் லாரி நாங்கள் வந்து நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. பல வீட்டுச் சாமான்களை ஒரே லாரியில் சேர்த்து, நடுவில் கிடங்கில் இறக்கி ஏற்றுவார்களாம். சிமென்ட் தொட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. செடியைக் கொல்லையில், மரத்திலிருந்து பத்தடி தள்ளி, தரையிலேயே வைத்தார் என் கணவர்.

மார்கழி பிறந்த அன்று ராத்திரி அவர் டிரங்குப் பெட்டியில் எதையோ தேடினார். அந்தப் பழைய போர்வை. இங்கே குளிராது என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் போர்த்தினார். பதினோராம் நாள் காலை, உதிர்ந்த இடத்திலெல்லாம் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருந்தது. டெல்லியில் அது வெறும் குச்சியாக நிற்கும் மாதம். போட்டோ எடுத்து டெல்லியில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. வேரில் கன்று வெடித்தால் தனக்கொன்று வேண்டுமாம்.