பட்டு குத்துகிறதாம்!

ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் புடவை நெய்து கொடுக்கும் காஞ்சீபுரத்தில், ஒரு நெசவாளர் வீட்டுக் குழந்தைக்குப் பட்டே ஆகாது என்றால் நம்புவீர்களா?

பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு சிறுமியைப் பார்த்தேன். வயது ஐந்து. பட்டுப் பாவாடையைக் கண்டால், "குத்துது!" என்று அழுகை. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டிவிடுகிறாள். ஆனால் அப்பாவின் தறிக்குப் பக்கத்திலேயே சுகமாகத் தூங்குகிறாள்!

"தறிச் சத்தத்துல தூங்கறவளுக்குக் குக்கர் பயமாம்! பாசாங்குன்னு நினைச்சு, போன கருட சேவையன்னிக்கு அடிச்சுட்டேன்" என்றார் தாயார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பாசாங்கு அல்ல, சகோதரிகளே! தறிச் சத்தம் தாளம் தவறாதது. பிறந்தது முதல் கேட்டுப் பழகியது. விசிலோ சொல்லாமல் கொள்ளாமல் வருவது.

அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற அம்மையார் இதை ஆராய்ந்து 1972-ல் ஒரு புத்தகம் எழுதினார். கண், காது, தோல் முதலியவை அனுப்பும் சேதிகளை மூளை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்தச் சேதி மிகப் பெரிதாகப் போய்ச் சேருகிறது. நமக்கு உறுத்தாத ஜரிகை அவர்களுக்கு முள். வேறு சிலருக்கோ எவ்வளவு குதித்தாலும், ஆடினாலும் போதுவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இது காணப்படுகிறது. அதற்காக, கூச்சப்படும் குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? பாவாடைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டைப் பிரித்து எடுங்கள். "இப்போது விசில் வரும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போனால், சற்று ஒதுங்கி உட்கார ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழக்குகிறேன் என்று பலவந்தம் மட்டும் வேண்டாம்.

பேச்சுத் தாமதம், கூப்பிட்டால் திரும்பிப் பாராமை, சாப்பாடு இறங்காமல் எடை குறைதல், பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். தேவையானால் அவர் ஆக்குபேஷனல் தெரபி நிபுணரிடம் அனுப்புவார். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்த வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவைக்குப் போயிருந்தேன். தெருக்கோடியில், உறவினர் வீட்டுத் திண்ணையில் நின்றிருந்தாள் அந்தச் சிறுமி. உடம்பில் பருத்தித் துணி வைத்துத் தைத்த பட்டுப் பாவாடை! மேளச் சத்தம் நெருங்கியதும் கைகள் காதுக்குப் போயின.

"அம்மா, எப்படிக் கும்பிடறது?"

தாயார் தம் இரு கைகளாலும் அவள் காதைப் பொத்தினார். குழந்தை கை கூப்பியது.